தணிகாசலத்துக்கு யார் முகம்?

சித்தூரில் கிளம்பி, திருப்பதியைத் தாண்டி இருக்கும் மொபைல் சார்ஜர் கம்பெனிக்குப் போகிற வேனில், யமுனா ஒரு நாவலைக் காதால் படித்துக்கொண்டிருந்தாள்.

காதால் என்றால் காதால்தான். அவளுக்குத் தமிழ் பேச வரும், சண்டை போட வரும், கனவுகூடத் தமிழில்தான் வரும். எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் வராது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு என்று வளர்ந்த எல்லையோரத்துப் பிள்ளைகள் பலருக்கும் அதே கதைதான். தெலுங்கு எழுத்து அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் எழுத்தைப் பார்த்தால் கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தத்தைப் பார்த்த மாதிரி இருக்கும். எங்கேயோ பார்த்த முகம், பேர் மட்டும் தெரியாது.

படித்தது சுலோச்சனா அக்கா. திருத்தணிப் பக்கம் பிறந்து சித்தூருக்கு வாழ்க்கைப்பட்டவள், கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவள். ஓடுகிற வண்டியில் எழுத்தைப் பார்த்தால் மற்றவர்களுக்கெல்லாம் தலை சுற்றும், அக்காவுக்குச் சுற்றாது. பழைய பேப்பர் கடையில் அவளுக்குக் கிடைத்த அந்த நாவலில் அட்டை இல்லை. அட்டையோடு கதையின் பேரும் எழுதியவர் பேரும் போயிருந்தன. கதை மட்டும் முழுசாக இருந்தது. முதல் நாள் தனக்காகத்தான் முணுமுணுத்துக்கொண்டு படித்தாள். பக்கத்து சீட்டு சபீனா, “அக்கா, கொஞ்சம் சத்தமா” என்றாள். முன் சீட்டிலிருந்து லட்சுமம்மா, “இன்னும் கொஞ்சம்” என்றாள். அன்றிலிருந்து வண்டி பூதலப்பட்டு தாண்டி நல்ல ரோட்டில் ஏறியதும் கதை ஆரம்பிக்கும், திருப்பதி டிராஃபிக்கில் மாட்டியதும் நிற்கும். சாயங்காலம் அதுவே தலைகீழாக நடக்கும்.

கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு பாசஞ்சர் வண்டி நிற்கிற சின்ன ஊர். அங்கே ஸ்டேஷன் மாஸ்டராக வருகிறவன் தணிகாசலம். தினமும் அந்த வண்டியில் கறிவேப்பிலைக் கூடை ஏற்ற வருகிறவள் அலமேலு. பாதிப் புத்தகம் வரைக்கும் இரண்டு பேரும் “வண்டி லேட்டா?” “ஆமா, லேட்டு” என்பதைத் தவிர வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த லேட்டுக்குள் எழுதியவர் என்னென்னவோ வைத்திருந்தார். யமுனா சார்ஜர் சோதிக்கிற மேசையில் உட்கார்ந்து பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்கும்போதெல்லாம் தணிகாசலம் பச்சைக் கொடி ஆட்டிக்கொண்டிருந்தான்.

சண்டையை ஆரம்பித்து வைத்தது லட்சுமம்மா. கேன்டீனில் சமைக்கிறவள். மலையில் பாதி நாள் மேகம் தங்குகிற ஐப்பசி மாதம் அது. சந்திரகிரிக் கோட்டை கண்ணில் பட்ட நேரம், அவள் பெருமூச்சு விட்டாள்.

“பாவம்டீ. அத்தாம் பெரிய மீசைய வெச்சிக்கினு, அந்தப் பொண்ணாண்ட ஒரு வார்த்த பேச மாட்டேங்கறானே.”

“மீசையா?” சபீனா திரும்பினாள். “அவருக்கு எங்க மீச? கண்ணாடி போட்டுக்கினு, ஒல்லியா, செவப்பா இருப்பாரு.”

“கண்ணாடியா? கண்ணு தெரியாதவனுக்கு எவன் கொடி ஆட்டுற வேல குடுப்பான்?”

சுலோச்சனா இரண்டு பேரையும் கையமர்த்தினாள். “ரெண்டும் இல்ல. சுருட்ட முடி, நல்ல உயரம். நான்தானே படிக்கிறேன், எனக்குத் தெரியாதா?”

“எங்க எழுதிக்கீது, காட்டுக்கா.”

அக்கா பக்கத்தைப் புரட்டினாள். முன்னால் போனாள், பின்னால் வந்தாள். திருப்பதி பைபாஸ் வரைக்கும் புரட்டியும் சுருட்டை முடி கிடைக்கவில்லை. உயரமும் கிடைக்கவில்லை. தலையைக் குனிந்து சிரிப்பான், சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்துக்கொள்வான். அவ்வளவுதான் எழுதியிருந்தது. தான் கண்ணால் படித்ததாகச் சத்தியம் செய்யத் தயாராக இருந்த சுருட்டை முடி புத்தகத்திலேயே இல்லை என்றதும் அக்கா ஆடிப்போய்விட்டாள்.

ஸ்டேஷனும் அப்படியே. லட்சுமம்மா பாகாலா ஸ்டேஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சபீனாவோ திருப்பதி ஸ்டேஷனை, அதுவும் நகரும் படிக்கட்டோடு.

“ஒரே ஒரு வண்டி நிக்கிற ஊர்ல எஸ்கலேட்டரா?” என்றாள் அக்கா.

“எனக்கு வந்துட்டுதே, நான் இன்னா பண்றது? அலமேலு கூடையோட அதுலதான் எறங்கி வரா.”

யமுனாவுடைய ஸ்டேஷன் அவள் படித்த தொடக்கப் பள்ளிக்கூடம். ஓட்டுக் கூரை, நீளமான தாழ்வாரம், ஓரத்தில் வேப்பமரம், பக்கத்தில் எப்படியோ தண்டவாளம். அதைச் சொன்னால் எஸ்கலேட்டரைவிடக் கேவலமாகப் போகும் என்று நினைத்தாள்.

சபீனா மருதாணி போடுவதில் சித்தூரிலேயே பேர் வாங்கியவள். கையில் வெறும் பேனா கிடைத்தாலும் விடமாட்டாள். மறுநாள் மதியம் கேன்டீனில் சாப்பிட்டு முடித்ததும், கிழித்த அட்டைப்பெட்டிகளின் வெள்ளைப் பக்கத்தைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள்.

“ஒவ்வொருத்தரா சொல்லுங்க. உங்க உங்க தணிகாசலத்த வரஞ்சு குடுக்கறேன். அப்பறம் சண்ட வேணாம்.”

லட்சுமம்மாவின் தணிகாசலம் முதலில் வந்தான். “மீசைய ஏத்து. இன்னும் ஏத்து. வயித்தயும் கொஞ்சம் ஏத்து.” வரைந்து முடித்தபோது கொடி ஆட்டுகிறவனாகத் தெரியவில்லை, காணிப்பாக்கம் தேர் இழுக்க வந்தவனாகத் தெரிந்தான். லட்சுமம்மா அவனைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. சுலோச்சனாவின் தணிகாசலத்துக்குச் சுருட்டை முடி, மோவாயில் குழி. படத்தைக் கையில் வாங்கிய அக்கா அதை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

“யாருக்கா இது?”

“யாரும் இல்ல. எங்க வீட்டுக்காரர் இல்ல, அது மட்டும் சத்தியம்” என்று படத்தைப் புத்தகத்துக்குள் வைத்து மூடினாள். லட்சுமம்மா சிரித்த சிரிப்பில் மோர் புரையேறியது.

யமுனாவின் முறை வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தணிகாசலம் உடனே வந்தான். அவன் எப்போதுமே உடனே வருகிறவன்.

“காது கொஞ்சம் வெளிய தள்ளிக்கினு இருக்கும்” என்றாள். “எடது காதுக்குப் பின்னால ஒரு மச்சம். கழுத்துல முடி சுருண்டு காலர் மேல ஏறும். ஒரு பக்கம் மட்டும். கன்னத்துல எலும்பு தெரியும், சிரிச்சா அது மட்டும் மேல ஏறும்.”

“மூக்கு?”

“மூக்கு… சரியாத் தெரியல.”

“வாய்?”

“தெரியல.”

“நீ ஏன்டீ எல்லாத்தையும் பின்னாலருந்தே சொல்ற?” என்று சலித்துக்கொண்டே சபீனா வரைந்தாள். ஒரு மனிதன் முதுகைக் காட்டி உட்கார்ந்து, முகத்தைக் கால்வாசி திருப்பியிருக்கிற மாதிரி வந்தது. தோள், காலர், சுருண்ட முடி, காது. மச்சத்தை வைத்தபோது சபீனாவின் பேனா நின்றது. படத்தை மேசை நடுவில் தள்ளினாள். மூன்று தலைகள் குனிந்தன.

லட்சுமம்மாதான் சொன்னாள். “இது நம்ம கிரணு மண்ட ஆச்சே.”

கிரண்குமார் வேன் டிரைவர். கார்வேட்டிநகரத்துப் பக்கம். தினமும் போக வர அவனுக்கு இடது பக்கம் பின் சீட்டில், ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிறவள் யமுனா. அங்கிருந்து பார்த்தால் அவனில் என்ன தெரியுமோ அது மட்டும், ஒன்று கூடாமல் குறையாமல், அட்டையில் இருந்தது.

யமுனாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒரேயடியாகப் புரிந்தது. காது மடலில் ஆரம்பித்த சூடு உள்ளங்கால் வரைக்கும் இறங்கியது. கேன்டீன் மின்விசிறி நின்ற இடத்தில் நிற்க, தான் மட்டும் சுற்றுகிற மாதிரி இருந்தது. தணிகாசலம் மேல் அவளுக்கு ஆசை இருந்தது உண்மைதான். கதையில் வருகிறவன் மேல் ஆசை வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் இப்போது அந்தத் தணிகாசலம் வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“நான் அவர நெனைக்கல” என்றாள்.

“பாரேன்” என்றாள் லட்சுமம்மா மற்ற இரண்டு பேரிடமும். “நாம எல்லாம் அவன தம்பின்றோம், அண்ணான்றோம். இவ இன்னிக்கு வரிக்கும் ஒரு தபாகூட அண்ணான்னு கூப்ட்டதில்ல. நான் அப்பவே நெனச்சேன்.”

அன்று சாயங்காலம் வண்டியில் கதை ஓடவில்லை. அக்கா புத்தகத்தைத் திறப்பாள், கண் தானாக முன்னால் போகும், அங்கே காலர் மேல் சுருண்ட முடி ஆடும், சிரிப்பு வந்துவிடும். சபீனா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள். லட்சுமம்மா முன் சீட்டிலிருந்து எக்கி எக்கி மச்சத்தைத் தேடினாள். கிரண்குமார் இரண்டு தடவை கழுத்தைத் தடவிப் பார்த்தான். சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்தான். கடைசியில், “ஏதாவது ஒட்டிக்கினு கீதாம்மா?” என்று கேட்டான். வண்டியே குலுங்கியது. யமுனா மட்டும் ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்புகளை ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை வேன் வந்து நின்றது. ஏறியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

பின்னங்கழுத்து பளபளவென்று இருந்தது. சுருண்ட முடி போன இடம் தெரியவில்லை. சலூனில் உட்கார்ந்து மிஷின் போட்டு வழித்துக்கொண்டு வந்திருந்தான். காது முன்னைவிட வெளியே தள்ளி, வெட்கப்பட்டுக்கொண்டு நின்றது.

“ஐயோ, தணிகாசலத்த கெடுத்துட்டானே” என்று லட்சுமம்மா வாய்க்குள் சொன்னாள்.

யமுனா வாய்க்குள் சொல்லவில்லை. “உங்கள யாரு வெட்டச் சொன்னது?” என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் தான் கேட்டது காதில் விழுந்தது.

கிரண்குமார் திரும்பிப் பார்த்தான். “எல்லாரும் சிரிச்சீங்களே. அதான்” என்றான் அப்பாவியாக.

அன்று அவளுக்கு வேலை ஓடவில்லை. முடி மறுபடி வளர எவ்வளவு நாள் ஆகும் என்று யோசித்துக்கொண்டே சிவப்பு விளக்கு எரிந்த சார்ஜரைப் பச்சைப் பெட்டியில் போட்டு, மேஸ்திரியிடம் பேச்சு வாங்கினாள். பேச்சு வாங்கும்போதும் சிரிப்பு வந்தது. எதற்கு வருகிறது என்று தெரியாமலேயே வருகிற சிரிப்பு.

சாயங்காலம் பூதலப்பட்டுக்கு இந்தப் பக்கம் வேன் பஞ்சர் ஆனது. வெயில் சாய்ந்து, ரோடு ஓரத்துச் செடியெல்லாம் மஞ்சளாக நின்றது. கொஞ்ச தூரத்தில் டீக்கடை தெரிந்ததும் எல்லாரும் இறங்கினார்கள். லட்சுமம்மா யமுனாவின் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“வண்டியில எல்லார் பையும் கீது. நீ பாத்துக்கோ. உனக்கு டீ நான் வாங்கியாறேன்.”

போகும்போது மூன்று பேரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு போனார்கள். பைகளைத் திருட அந்த ரோட்டில் ஒரு காக்காய்கூட இல்லை.

கிரண்குமார் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினான், நட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினான். யமுனா இறங்கி ஓரமாக நின்றாள். அவன் தலை நிமிராமல் கேட்டான்.

“ஒண்ணு கேக்கலாமா? என் கழுத்துல இன்னா இருந்துச்சு?”

அவள் பையைத் திறந்து, சபீனா வரைந்த அட்டையை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று பின்னால் அவளுக்கே தெரியவில்லை. அவன் பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, விளிம்பில் மட்டும் பிடித்து வாங்கினான்.

“யாரு இவரு?”

“தணிகாசலம்.”

“ஓ.” மறுபக்கம் முகம் இருக்குமோ என்று திருப்பிப் பார்த்தான். அங்கே சார்ஜர் பெட்டியின் அச்சு இருந்தது. “நல்லாத்தான் கீறாரு. முடிதான் கொஞ்சம் ஓவரா வளந்துகினு கீது. வெட்டிக்கினா இன்னும் நல்லா இருப்பாரு.”

யமுனாவால் தாங்க முடியவில்லை. அங்கேயே கழற்றிய டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, சத்தமே வராமல் சிரித்தாள். உலகத்தில் எவன் தன் பின்னங்கழுத்தைப் பார்த்திருக்கிறான்? ஊரே பார்த்துச் சொன்னதை, அது யாருடையதோ அவனுக்குத்தான் அடையாளம் தெரியவில்லை.

“இன்னா, இன்னா ஆச்சு?” அவன் பயந்து போனான்.

“அது நீங்கதான்” என்றாள்.

அவன் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஒரு லாரி பெரிய சத்தத்தோடு கடந்து போனது. தூசு அடங்கியதும் கேட்டான்.

“நான் தணிகாசலமா?”

“எனக்கு. மத்தவங்களுக்கு வேற வேற ஆளு.”

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான். “நானும் தெனிக்கும் கேட்டுக்கினுதான் வரேன். சந்திரகிரி தாண்டுனதும் வண்டி ஏன் ஸ்லோவா போவுதுன்னு நெனச்சீங்க? திருப்பதி வந்துட்டா அக்கா பொஸ்தகத்த மூடிடுவாங்களேன்னுதான். லேட்டுன்னு மேனேஜர் ரெண்டு தபா திட்டிட்டாரு.” கொஞ்சம் தயங்கினான். “ஆனா எனக்குத் தணிகாசலம் கண்ணுக்கே வரமாட்டான். அலமேலுதான் வரா. அதுவும் முழுசா வரமாட்டா.”

“அப்டின்னா?”

“அவளுக்கு வாய் கிடையாது.”

“இன்னாது?”

“வாய், மோவாய் ரெண்டும் இல்ல. நெத்தி, பொட்டு, ரெண்டு கண்ணு, அவ்ளோதான். பேசறா, ஆனா வாய் தெரியாது. குரலு சுலோச்சனா அக்கா குரலு.” அவன் வண்டிக்குள் கையைக் காட்டினான். “அந்தக் கண்ணாடியில அவ்ளோதான் தெரியும்.”

யமுனா எட்டிப் பார்த்தாள். டிரைவர் சீட்டுக்கு மேலே தொங்கிய குறுகலான கண்ணாடியில், இடது பக்கத்து ஜன்னலோர சீட்டின் மேல்பாதி தெரிந்தது. இப்போது அங்கே யாரும் இல்லை. யாராவது உட்கார்ந்தால் நெற்றி வரும், பொட்டு வரும், கண் வரும். அதற்குக் கீழே கண்ணாடி முடிந்துவிடும்.

இவ்வளவு நாளும் ஒரே வண்டியில் அவள் ஒரு பின்மண்டையை வைத்துக் கதை கேட்டிருந்தாள், அவன் ஒரு அரை முகத்தை வைத்துக் கதை கேட்டிருந்தான். நினைத்தபோது அவளுக்கு மறுபடி தலை சுற்றியது. இந்தத் தடவை அதை நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை.

டீ வாங்கி வந்த லட்சுமம்மா வண்டியைப் பார்த்தாள். ஜாக்கி மேல் வண்டி, ரோட்டில் டயர், டயர் மேல் யமுனா, எதிரில் கையில் அட்டையோடு டிரைவர்.

“இன்னும் மாட்டலியா?”

“மாட்டிக்கினே கீறேன்மா” என்றான் கிரண்குமார்.

மறுநாள் லட்சுமம்மாவுக்கு முட்டி வலி வந்துவிட்டது. முன் சீட்டில் கால் நீட்ட முடியவில்லை என்று சொல்லிப் பின்னால் போனாள். பின் சீட்டில் கால் நீட்ட அதைவிட இடம் குறைவு என்று யாரும் சொல்லவில்லை. யமுனா முன் சீட்டில் ஏறினாள்.

பக்கத்திலிருந்து பார்த்தால் கிரண்குமாருக்கு மூக்கு இருந்தது, கொஞ்சம் பெரிய மூக்கு. முன்பல் ஒன்று இன்னொன்றின் மேல் ஏறியிருந்தது. மோவாயில் சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்ட கீறல். அவன் கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டான். இடது பக்கம் திரும்பித் திரும்பி, அலமேலுவுக்கு இல்லாத வாயையும் மோவாயையும் பார்த்து ஈடு கட்டிக்கொண்டான். “ரோட்டப் பாருய்யா, எனக்குப் பேரன் பேத்தி கீறாங்க” என்று பின்னாலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது.

இதில் யமுனா எதிர்பாராத ஒன்றும் நடந்தது. தணிகாசலம் போய்விட்டான். அக்கா படிக்கப் படிக்க அவள் தேடிப் பார்த்தாள். கிரண்குமாரின் மூக்கும் பல்லும் கீறலும் தெரிந்த பிறகு, அதை ஸ்டேஷன் மாஸ்டர் மேல் ஒட்டவைக்க முடியவில்லை. தாழ்வாரத்தில் இரண்டு மடிப்பு மடித்த சட்டைக் கை மட்டும் நின்றது, அதற்கு மேல் யாரும் இல்லை. முதலில் பொருள் தொலைந்த மாதிரி கஷ்டமாக இருந்தது. அப்புறம் பார்த்தால், முகமே இல்லாமலும் அவன் நன்றாகத்தான் கொடி ஆட்டினான்.

அதை அவனிடம் சொன்னாள். “நீங்க இப்ப தணிகாசலம் இல்ல.”

அவன் முகம் சுருங்கியது. “இன்னா தப்பு பண்ணேன்?”

“தப்பு ஒண்ணும் இல்ல. டிரான்ஸ்பர்.”

“எங்க?”

“இங்கதான், வெளிய.”

அவன் தலையைக் குனிந்து சிரித்தான். லட்சுமம்மா ரோட்டை நினைவுபடுத்தினாள்.

கடைசி அத்தியாயம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. சித்தூர் பஸ் ஸ்டாண்டு அருகில் வேன் நின்ற பிறகும் ஒருவரும் இறங்கவில்லை. தணிகாசலத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. கடைசி நாள் வண்டி ஏறப்போகிறான். “வண்டி லேட்டா?” என்று அலமேலு கேட்கிறாள். “இன்னிக்கு லேட்டு இல்ல” என்கிறான். வண்டி வந்து, நின்று, கிளம்புகிறது. ஆள் இல்லாத பிளாட்பாரத்தில் கறிவேப்பிலைக் கூடை மட்டும் இருக்கிறது. அக்கா பக்கத்தைத் திருப்பினாள். அதற்குப் பிறகு வெறும் தாள்தான்.

“அவ்ளோதானா?” என்றாள் சபீனா. “ஏறிட்டாளா, ஏறலியா?”

“ஏறிட்டா. கூடைய விட்டுட்டு ஏறிட்டா” என்றாள் அக்கா. அவள் கண் கலங்கியிருந்தது.

“கறிவேப்பிலைய விட்டுட்டு எந்தப் பொம்பள போவா? வண்டி போனதும் அழுதுக்கினே வூட்டுக்கு ஓடிட்டா” என்றாள் லட்சுமம்மா.

“எஸ்கலேட்டர்ல மேல போய்ட்டா” என்றாள் சபீனா. எல்லாரும் அவளை அடிக்கப் போனார்கள்.

கிரண்குமார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, “ஏறிட்டா. ஏறாம எப்டி?” என்றான். கேட்டது எல்லாருக்கும் பொதுவாக, பார்த்தது இடது பக்கம்.

யமுனாவுக்குப் பதில் தயாராக இருந்தது. “இந்த வண்டியில ஏறல. நைனாகிட்ட சொல்லிட்டு அடுத்த வண்டியில போவா. சொல்லாம ஏன் போவணும்? கூடைய எடுக்க வரும்போது நைனாவையும் கூட்டிக்கினு வருவா.”

கதையைப் பற்றித்தான் சொன்னாள் என்று அவர்களில் ஒருவர்கூட நம்பவில்லை. அவளும் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, நிலக்கடலைக் கொல்லையில் களை எடுத்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்த அப்பா முனிசாமியிடம் “நைனா” என்று ஆரம்பித்துச் சொன்னாள் யமுனா. வேன், கார்வேட்டிநகரம், கிரண்குமார் என்று ஒரே மூச்சில். அம்மா யசோதா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். முனிசாமி ஈரக் கையைத் துண்டில் துடைத்து, துண்டை உதறி, தோளில் போட்டார்.

“ஆளு எப்டி இருப்பான்?” என்றார்.

அவள் தடுமாறினாள். “காது கொஞ்சம் வெளிய…”

“காத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? வரச் சொல்லு, பாக்கலாம்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிரண்குமார் தன் அம்மாவையும் மாமாவையும் அழைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். மாமா வாட்டசாட்டமான மனிதர், அடர்ந்த மீசை, காக்கிப் பேன்ட். தெருவிலேயே முனிசாமி எதிர்கொண்டு போய் மாமாவின் கையைப் பிடித்து, “வாங்க மாப்ள, வயசு கொஞ்சம் கூடத்தான் தெரியுது, பரவால்ல” என்றார்.

வாசலில் நின்றிருந்த யமுனா உள்ளே ஓடிவிட்டாள்.

குழப்பம் தீரக் கொஞ்ச நேரம் ஆனது. டிரைவர் என்றதும் முனிசாமி தன் மனசில் ஒரு டிரைவரைச் செய்து, ஒரு வாரம் அவனோடு பேசிப் பழகியே விட்டிருந்தார். யசோதாவின் மாப்பிள்ளையோ சிவப்பாக, வெள்ளைச் சட்டையில் இருந்தான். இரண்டு பேருமே கிரண்குமாரை மேலும் கீழும் பார்த்தார்கள். அவன் வேர்த்து வழிந்து, சட்டைக் கையை மடித்து, அவிழ்த்து, மறுபடி மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முனிசாமி நிலம் பற்றிக் கேட்டார், வேலை பற்றிக் கேட்டார், குடி உண்டா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் நேராகப் பதில் சொன்னான். கேட்க வேண்டியது தீர்ந்ததும் மாமா பக்கம் திரும்பினார்.

“நான் நெனச்சது வேற ஆளு. பரவால்ல, இவனும் நல்லாத்தான் கீறான்” என்றார். “துன்னுட்டுத்தான் போவணும்.”

உள்ளே யமுனா காப்பித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சிரிப்பை அடக்க அடக்கத் தட்டு ஆடியது, டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதி வெளியே கூடம் வரைக்கும் கேட்டன. யசோதா அவள் தோளில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

“சிந்தாம போடீ” என்றாள்.

பாதியைச் சிந்திக்கொண்டேதான் போனாள்.